இன்னொரு ஆள்

"மாத்தப் போறீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க!"

மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். கணவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டின் முன்னறையில் மேசையைப் போட்டு, சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிற தொழில். வடிவமைப்பது அவர். வாடிக்கையாளர்களிடம் போனில் பேசுவதும், திட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவள்.

"இப்ப இருக்கற சாஃப்ட்வேருக்கு என்ன குறைச்சல்?"

"என்ன குறைச்சலா? கண்ணாடிக் கடைக்காரர் இன்னைக்கும் பிடி பிடின்னு பிடிச்சுட்டார். போன்ல பாத்தா அவர் கடைப் பேரு பாதியோட நின்னுடுதாம். பூச்செடி விக்கிற அம்மா வேற ஆளைப் பாத்துக்கறேன்னுட்டாங்க. புது வெர்ஷன் போட்டா எல்லாம் தானா சரியாயிடுமாம். ஊரே மாத்திடுச்சு, நீங்க மட்டும் குரங்குப்பிடியா நிக்கறீங்க."

"புதுசுல பழைய பக்கமெல்லாம் ஒழுங்காத் திறக்காது."

"இதே பேச்சைத்தான் அன்னைக்கும்..." என்று ஆரம்பித்தவள், வாயைக் கப்பென்று மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு இதே கேள்வியைக் கேட்டவன் மகன். "இந்த ஓட்டை சாஃப்ட்வேரைக் கட்டிக்கிட்டு அழ என்னால முடியாதுப்பா" என்றான். வாடிக்கையாளர் எதிரில் சொல்லிவிட்டானே என்ற ரோஷத்தில் இவர், "அப்ப வெளிய போடா" என்றார். அவளாவது சும்மா இருந்தாளா? "அப்பாவை எதிர்த்துப் பேசற வாயோட இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். போனவன் போனவன்தான். இரண்டு வருஷமாகிறது. போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அவன் சட்டைகளை எல்லாம் அவள் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். கல்நெஞ்சக்காரி என்று அவர் மனசுக்குள் வைதுகொள்வார்.

அவருக்கு அப்படி இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இதே சாஃப்ட்வேரில் மகன் செய்த முதல் பக்கம் ஒன்று இன்னும் இணையத்தில் கிடந்தது. கோணல்மாணலாக மூன்று பேர், ஒரே குடை. அடியில், எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்று காட்டும் எண். அதன் முகவரி இந்த வீட்டு மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு இப்போது ஞாபகம்கூட இருக்காது.

தினமும் காலையில் அவர் ஒரே ஒரு தடவை அதைத் திறந்து பார்ப்பார். எண்ணில் இரண்டு கூடியிருக்கும். ஒன்று அவர். இன்னொன்று? அவனைத் தவிர வேறு யார்! எங்கேயோ இருந்துகொண்டு பிள்ளை தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். அந்த ஒன்றுதான் அவருக்குச் சோறு இறங்க வைத்தது, தூக்கம் வர வைத்தது. புது வெர்ஷன் அந்தப் பக்கத்தைக் கெடுத்துவிட்டால்?

"அப்புறம் இன்னொண்ணு." மனைவி ஜன்னல் கம்பியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாக்கறவங்க எந்த ஊர்ல இருந்து பாக்கறாங்கன்னு புதுசுல காட்டுமாமே, நிஜமா?"

அவர் கை அப்படியே நின்றது. "யார் சொன்னது?"

"கண்ணாடிக் கடைக்காரர்தான். வியாபாரத்துக்கு நல்லதாம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊர் தெரிந்தால் போதுமே! தெருத்தெருவாய் அலைந்தாவது, காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வந்துவிடலாமே.

"சரி, நீ இவ்வளவு சொல்றே. மாத்திடறேன்."

"அப்பாடா! ரொம்பப் பெரிய மனசு!" என்றாள். அவள் குரல் கரகரத்ததை அவர் கவனிக்கவில்லை.

அன்றே மாற்றினார். குடைப் பக்கம் அதே பழைய கோணலோடு பத்திரமாக வந்து சேர்ந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவர் இன்னும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. அதற்குள் புது சாஃப்ட்வேரில் அந்தப் பக்கத்தின் பேருக்கு ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கியது. 'இப்போது பார்ப்பவர்: ஒருவர்.' பக்கத்தில் ஊர்ப் பெயர்.

இதே ஊர்!

"அடப்பாவி, இங்கேயேதான் இருக்கியாடா!" வாய்விட்டு அழுதேவிட்டார். இனி என்ன வீம்பு வேண்டிக்கிடக்கிறது? சமையலறைக்கு ஓடினார்.

"ஏம்மா, நம்ம பையன்..."

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில், கோணல்மாணலாக மூன்று பேர், ஒரே குடை.

"திட்டாதீங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தினமும் காலையில ஒரே ஒரு தடவை பாத்துடுவேன். பெத்த மனசு கேக்க மாட்டேங்குதுங்க. ஆனா ஒண்ணு, என்னைத் தவிர இன்னொரு ஆளும் தினம் தவறாம வந்து பாக்குது. நீங்க அவன் மேல இருக்கற கோபத்துல அந்தப் பக்கமே போக மாட்டீங்க. அப்ப அவனேதானே? சொல்லுங்க, புதுசுல எந்த ஊர்னு காட்டுது?"

அவர் அடுப்பை அணைத்தார். வழிந்த பாலைத் துணியால் துடைத்தார்.

"ரொம்பத் தூரத்து ஊர்மா," என்றார். "ஆனா தினமும் வர்றான்."