சுற்றிய போல்ட்

“மணி பத்து இருபது. உன் மாப்பிள்ளைக்கு இன்னும் விடியலையாக்கும்?”

காருக்குள் குனிந்து கிடந்தபடியே கேட்டார் மாமனார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தாள்.

“அறைக் கதவு சாத்தித்தான் இருக்கு.”

“உழைச்சுக் களைச்ச உடம்பு பாரு!”

டிரைவர் சீட் முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் சிக்கிக்கொண்டு எட்டு நாள். கழற்றியே பார்த்துவிடுவது என்று இன்று காரை நான்கு ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றியிருந்தார். சீட்டுக்கு நான்கு போல்ட். நான்கும் துருவேறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு இருபது நிமிடம் ஊற வைத்தார். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டார்.

‘டக்.’

“அசைஞ்சிடுச்சு!”

அசைந்ததோடு நிற்கவில்லை, சுற்ற ஆரம்பித்தது. எண்ணிக்கொண்டே வந்தார். முப்பத்தாறு சுற்று. ஒரு நூல்கூட மேலே வரவில்லை. காரின் அடியில் பற்றவைத்திருந்த நட்டு பிய்ந்து போய், அதுவும் போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது.

“மாப்பிள்ளையை எழுப்பட்டுமா? ஒரு கை கொடுப்பாரு.”

“அவன் கை வச்சு எது நின்னுச்சு? ரெண்டு வருஷத்துல மூணு வேலை. இப்ப அஞ்சு மாசமா அதுவும் இல்லை. அவனைக் கூப்பிடறதுக்குப் பதிலா இந்த சீட்டை அறுத்தே எடுத்துடுவேன்.”

போல்ட்டின் தலைக்கடியில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பிக்கொண்டே திருப்பினார். வழுக்கியது. விடாமல் திருப்பினார். சட்டென்று பிடி கிடைத்தது. மரை மரையாக ஏறி, போல்ட் கையோடு வந்தது.

“பாத்தியா! நெம்புற விதத்துல நெம்பணும். இதெல்லாம் கைப்பழக்கம்.”

இரண்டாவதும் முதலில் சுற்றியது, அப்புறம் பிடித்தது, வந்தது. வேலை ஓட ஆரம்பித்ததும் வாயும் ஓட ஆரம்பித்தது.

“நேத்து பேங்க்ல ஒருத்தர், மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேட்டார். பெரிய கம்பெனியில இருக்கார்னு புளுகிட்டு வந்தேன். அறுபத்தெட்டு வயசுல என்னைப் பொய் சொல்ல வச்சுட்டான். உடம்பெல்லாம் கூசிப் போச்சு.”

“எனக்கு மட்டும் என்னவாம்? எதிர்வீட்டம்மாகிட்ட லீவுல இருக்கார்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“அஞ்சு மாச லீவா? பள்ளிக்கூடத்துலகூட அவ்வளவு விட மாட்டானே!”

இருவரும் சிரித்தார்கள். மூன்றாவது போல்ட்டும் வந்துவிட்டது.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். அவர் காதுல விழுந்துடப் போகுது.”

“விழட்டும். அப்படியாவது ரோஷம் வருதா பாப்போம்.” நான்காவது போல்ட்டைத் திருப்பிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு செய். சாயங்காலம் பொண்ணு டூட்டி முடிஞ்சு வரட்டும். நீயே பதமா எடுத்துச் சொல்லு. ஒண்ணாம் தேதிக்குள்ள அவன் வேற இடம் பாத்துக்கட்டும். அவ நம்மகூடவே இருக்கட்டும்.”

மனைவி மறுபடி அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

பாதி ஏறியிருந்த நான்காவது போல்ட் திடீரென்று பிடி விட்டுச் சுற்றத் தொடங்கியது. நெம்பினார், அதட்டினார். ஒன்று, இரண்டு... ஏழு சுற்று வெறுமனே போனது. எட்டாவதில் என்ன நினைத்ததோ, மறுபடி பிடித்துக்கொண்டு முழுசாக வெளியே வந்தது.

“நாலும் ஆச்சு!”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரைவிட்டு இறங்கினார். அப்போதுதான் காரின் மறுபக்கத்து அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டன. பின்னாலேயே மாப்பிள்ளை ஊர்ந்து வெளியே வந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் துருத்தூள். ஒரு கையில் ஸ்பேனர். இன்னொரு கை மூடியிருந்தது.

மனைவி சட்டென்று எழுந்து நின்றாள். மாமனாருக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன. என்ன பேசினோம், எதில் ஆரம்பித்தோம் என்று மனசு பின்னால் ஓடியது. எந்த இடத்திலும் நிற்க முடியவில்லை.

“மாப்பிள்ளை... நீங்க எப்போ கீழ போனீங்க?”

“இப்பத்தான் மாமா. பின்வாசல் வழியா வந்தேன். கடைசி நட்டு சுத்துற சத்தம் கேட்டுது, அதை மட்டும் பிடிச்சேன். மத்த மூணும் நீங்களே கழட்டினதுதான்.”

சிரித்த முகமாகவே சொன்னார். கண்ணில் துரு விழுந்திருக்க வேண்டும், சிவந்து போயிருந்தது.

“முகம் கழுவிட்டு வந்துடறேன் மாமா.”

மூடியிருந்த கையில் இருந்ததை மறதியாக பானெட் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மாமனார் எண்ணிப் பார்த்தார். நான்கு நட்டு.