பின்னிருக்கை இல்லாத கார்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். அருவருப்பான ஒன்றை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டுகிறேன்.

கார்ப் பித்தனான நான் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களின் படங்களை மேசையில் விரித்தேன்.

“நாலு சீட் மாடலே வாங்குங்க,” என்றாள் மனைவி.

அவளுடைய அண்ணன் காலுறையைக் கழற்றி, விரலிடுக்கைச் சுரண்டி முகர்ந்தபடி, “ரெண்டு சீட்டுன்னா அது காரா, ஸ்கூட்டரா மாப்ளே?” என்றார்.

“இதுல எஞ்சின் நடுவுல மச்சான். வளைவுல அப்படியே ஒட்டிக்கிட்டுப் போகும்,” என்று கூறி, இரண்டு இருக்கைக் காரையே வாங்கினேன்.

கார் வந்ததும் மைத்துனர் சாவியைப் பறித்து, வெறுங்காலுடன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார்.

“ரெண்டு பேருக்குத்தானே இடம்? நான் அண்ணனோட போறேன். நாளைக்கு ஊர்ல நடக்கற கல்யாணத்துக்கு நீங்க பஸ்ல வந்துடுங்க,” என்றாள் மனைவி.

பழைய காரில் மைத்துனர் காலைச் சுரண்டிய விரலைப் பின்னிருக்கையில் துடைப்பார். அதற்காகவே பின்னிருக்கை இல்லாத காரைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

இப்போது ஸ்டியரிங்கில் துடைத்தார்.

இழந்தவை: பின்னிருக்கை, முன்னிருக்கை, சாவி.