பெண்ணாற்றின் மேல் ஒரு படம்

பிற்பகல் வெயிலில் கண்டிக்கோட்டையின் செம்பாறைகள் கனல்கின்றன. வெகு கீழே பெண்ணாறு அசைவே இல்லாமல் பச்சையாகக் கிடக்கிறது. நாகவேணி பள்ளத்தாக்கின் விளிம்புக்கு மூன்றடி தள்ளி நிற்கிறாள். காலையில்தான் ஜம்மலமடுகு கோர்ட்டில் அவளுக்கும் ஓபுலேசுக்கும் விவாகரத்து ஆனது. ஊர்ப் பஸ் மாலையில்தான். "பதினாலு வருஷத்துல ஒரு தரம்கூட உன்னக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போகல. பாத்துட்டுப் போலாமா?" என்று அவன் கேட்டபோது, மறுக்கக் காரணம் தேடும் தெம்புகூட அவளுக்கு இருக்கவில்லை. "அக்கா, எங்கள ஒரு போட்டோ எடுங்களேன்." தாலிக்கயிற்றில் மஞ்சள் வெளுக்காத ஒரு பெண் போனை நீட்டுகிறாள். நாகவேணி அவளையும் அவள் கணவனையும் எடுத்துக் கொடுக்கிறாள். "இப்ப நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க." அந்தப் பெண் ஓபுலேசை அக்கா புருஷனாகவே ஆக்கிக்கொள்கிறாள். "பாவா, கொஞ்சம் நெருங்கித்தான் நில்லுங்களேன். அக்கா என்ன கடிச்சா வச்சிருவாங்க?" அவன் ஓரடி நகர்கிறான். அவன் சட்டையில் இப்போது வேறு ஏதோ சோப்பின் வாசனை. அவன் கை உயர்ந்து, அவள் தோளைத் தொடாமல் பின்னால் காற்றிலேயே நிற்கிறது. புறாக்கள் பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்ப்பாறையில் அடைகின்றன. "எந்த நம்பருக்கு அனுப்பட்டும்?" படம் எடுத்துவிட்டு அந்தப் பெண் கேட்கிறாள். நாகவேணி போனை வாங்கிப் பார்க்கிறாள். படத்தில் இருவரும் சிரித்திருக்கிறார்கள். எப்போது சிரித்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. "நல்லா வந்திருக்கு. உன் போன்லயே இருக்கட்டும்மா" என்கிறாள். அந்தப் பெண் புரியாமல் தலையாட்டிவிட்டு, கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு பாறைகளில் இறங்கிப் போகிறாள்.