கதையில் இல்லாத வரி

நெடுங்கேணிக்கு வரும் இங்கிலிஷ் தந்திகளையெல்லாம் வாசித்துச் சொல்பவர் வீரகத்தி மாஸ்டர். அவரிடம்தான் விமலேஸ்வரி இங்கிலிஷ் பாடம் படித்தாள். நுவரெலியா மலைகளில் நிலம் அளக்கப் போன கணவன் லீவில் வரும்போது, நாலு வசனமாவது பேசி அவன் வாயைப் பிளக்கவைக்க வேண்டும் அவளுக்கு.

மாஸ்டரோ இன்று வழக்கமான பாடத்தை விட்டுவிட்டார். மலையேறப் போன இரண்டு சிநேகிதரில் ஒருவன் விழுந்து செத்த கதையை மூன்றாம் தரமும் வாசிக்க வைத்தார்.

“விளங்கினதோ, பிள்ளை?”

“ஓம் மாஸ்டர். ஆனால் தப்பி வந்தவன் செத்தவன்ரை மனிசிக்கு அதை எப்பிடிச் சொன்னவன்? கதையில அது இல்லையே!”

“அதுதான் பிள்ளை, எனக்கும் தெரியேல்லை.”

மாஸ்டர் சட்டைப்பைக்குள் கையை விட்டு, அவள் பேருக்குக் காலையில் வந்திருந்த தந்தியை எடுத்து நீட்டினார்.