ஆளுக்கொரு கோடு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சின்னக் கதைதான், சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன்.

அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே பழைய பைக். அதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய அன்றுதான் சண்டை வந்தது. தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற தகட்டை எங்கே வைத்து முடுக்குவது என்று தகராறு.

“ஒரு நூல் பின்னாடி தள்ளுடா. இல்லன்னா கிக்கர் உதைக்கிற காலைத் திருப்பி அடிச்சிடும்.”

“பின்னாடி தள்ளினா ஆமை மாதிரி போகும். நீயே ஏறிக்க.”

தகடு நிற்க வேண்டிய இடம் இதுதானென்று ஆளுக்கொரு கோடு கீறினார்கள். அதன்பின் அண்ணன் சாகும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அண்ணன் போன பிறகு ஒரு நாள், ஆயில் கசிகிறதென்று தம்பி தகட்டைக் கழற்றினான். திரும்ப மாட்டும்போது தன் கோட்டில் வைத்து முடுக்கினான். காலையில் வண்டியின் சத்தம் மாறியிருந்தது. மூடியைத் திறந்தால், தகடு அண்ணன் கோட்டில் இருந்தது. திருகுகள் இறுக்கமாகவே இருந்தன. மாற்றிவைத்தான். மறுநாளும் அப்படியே.

அண்ணி சொன்னாள்: “அவர்தான் விடமாட்டார்னு தெரியுமே. நீயாவது விட்டுக்கொடேன்பா.”

அன்று தம்பி தன் கையாலேயே அண்ணன் கோட்டில் வைத்து முடுக்கினான். “சரிண்ணா, நீ சொன்னபடியே இருக்கட்டும்” என்றான்.

காலையில் மூடியைத் திறந்தான். தகடு தம்பியின் கோட்டில் இருந்தது.

உங்கள் வீட்டில் கோபித்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் பேசிவிடட்டும். நன்றாயிருங்கள்.