சென்னிமலை பெட்ஷீட்

நீங்கள் தங்கியது எப்படி இருந்தது என்று போன் கேட்டது.

ஹோட்டல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நட்சத்திரங்கள். ஐந்தும் வெறுமையாக இருந்தன. தொட்டால் மஞ்சளாகும்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. புனிதவதி காலையிலிருந்து இரண்டாவது முறையாகக் குளிக்கிறாள். கட்டிக்கொண்ட நாளாக அவள் இவ்வளவு நேரம் குளித்து அவன் பார்த்ததில்லை. வீட்டில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவாள்.

சென்னைக்கு அவள் புதிது. அவனுக்கு இந்த அறை புதிதல்ல.

சூரத்தில் இதே அறை. லூதியானாவிலும் இதே அறை. சுவிட்ச் இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும். ஜன்னல் திறக்காது. நேற்று வந்ததும் வராததுமாக அவள் அதைத் தள்ளிப் பார்த்தாள். எங்கேயும் திறக்காது என்று சொன்னான். கீழே அண்ணா சாலை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தூசி வராது, நல்லதுதான் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சாயப்பட்டறைகளுக்கு மெஷின் விற்கிற வேலை அவனுக்கு. மாதத்தில் பாதி வெளியூர்தான். வீட்டை விட்டுத் தங்கிய ஒவ்வொரு ராத்திரிக்கும் ஹோட்டல்காரன் பாயின்ட் கொடுத்தான். வருடக்கணக்காகச் சேர்ந்த அந்தப் பாயின்ட்டில், மனைவியோடு ஒரு ராத்திரி இலவசமாகத் தங்கிக்கொள்ளலாம் என்றான். எதற்கு எது பரிசு என்று யோசித்தால் சிரிப்புத்தான் வரும்.

ஈரோட்டில் செங்கோடன் மோட்டார் கடை வைத்திருக்கிறான். கூடப் படித்தவன். கூட்டுச் சேர்ந்துகொள், இப்போது வாங்குகிற சம்பளம் வராது, ஆனால் ராத்திரி வீட்டில் சாப்பிட்டு வீட்டில் படுக்கலாம் என்று கூப்பிட்டிருந்தான். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லத்தான் அவளை இங்கே கூட்டி வந்தான்.

இந்த அறையைப் பார்த்தாலே அவளுக்குப் புரிந்துவிடும் என்று நம்பினான். நாலு சுவரும் மூடின ஜன்னலும் தன் பாதி ஆயுசும் அவள் கண்ணில் படும். மிச்சத்தைச் சொல்வது சுலபம்.

அவள் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். மணி அடித்தால் வந்து நிற்கிற ஆளைப் பார்த்தாள். வெள்ளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தாள். காலையில் பொங்கலையும் பூரியையும் வகைவகையான பழங்களையும் வீடியோ காலில் தங்கைக்குச் சுற்றிக் காட்டினாள்.

இதெல்லாம் எங்க வீட்டுக்காரருக்குத் தினமும் நடக்கிறதுதான் என்று தங்கையிடம் சொன்னபோது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

சொல்ல வந்தது தொண்டை வரை வந்தது. பூரியோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

இப்போது உட்கார்ந்திருக்கிற கட்டிலில் வெள்ளை பெட்ஷீட். எல்லா ஊரிலும் இதே வெள்ளைதான். கண் விழித்தால் எந்த ஊர் என்று பிடிபடாது. மேலே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டும். வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே சென்னிமலைத் தறியில் நெய்த பெட்ஷீட். சிவப்பும் பச்சையும் பட்டைபட்டையாகக் கோடு போட்டது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டது. கண்ணைத் திறந்ததும் மூக்குக்கு நேரே அந்தக் கோடு தெரிந்தால் வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். புரண்டு படுத்து இன்னொரு தூக்கம் போடலாம்.

நட்சத்திரம் எதையும் அவன் தொடவில்லை. கீழே எழுதுகிற இடத்தில் மட்டும், ஜன்னல் திறக்காது என்று அடித்தான்.

புனிதவதி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"போற எடத்துல என்ன கஷ்டப்படறீங்களோன்னு இத்தன வருசமும் தனியா ஒக்காந்து அழுதிருக்கனுங்க," என்றாள் அவள். "இனி நிம்மதியாத் தூங்குவனுங்க."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் ஆயிற்று அவனுக்கு. அவள் அழுதது இன்றைக்குத்தான் தெரியும். அழுகையை இப்போதுதான் நிறுத்தியிருக்கிறாள். இப்போது போய் எப்படிச் சொல்வது?

அவள் போனை வாங்கினாள். ஐந்தையும் மஞ்சளாக்கினாள். அவன் அடித்திருந்ததைப் படித்துவிட்டு, இதெல்லாம் ஒரு குறையா என்று அழித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடித் தானே எழுதினாள்.

இங்கே வந்தால் வீட்டு ஞாபகமே வராது.

அவன் பெயரில் அது போய்விட்டது. நன்றி, மீண்டும் வருக என்று உடனே பதில் வந்தது. கூடவே கொஞ்சம் பாயின்ட்.

அவள் கண்ணாடி முன்னால் தலை துவட்டப் போனாள். அவன் செங்கோடனுக்கு இரண்டு வரி அனுப்பினான். இப்போதைக்குத் தோதுப்படாது, வேறு ஆள் பார்த்துக்கொள்.

பெட்டியை அடுக்கும்போது புனிதவதி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வீட்டுக்கும் இதே மாதிரி வெள்ளை பெட்ஷீட் வாங்கிவிட வேண்டுமாம். இந்தச் சுகத்துக்குப் பழகின மனுஷன் வீட்டுக்கு வந்து பழைய சென்னிமலையில் எதற்குப் படுக்க வேண்டும்? வருகிற வாரம் அவன் சூரத் போய்த் திரும்புவதற்குள் விரித்து வைத்துவிடுவாளாம். பழசைக் கிழித்தால் கரித்துணிக்கு ஆகும்.

அவன் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். பாதியில் நின்றது கை.

"அதக் கிழிக்காத," என்றான். "சூரத் போறப்ப என் பெட்டியில வெச்சிரு."

ஹோட்டலில் பெட்ஷீட்டுக்கா பஞ்சம் என்று கேட்டு அவள் சிரித்தாள்.