பனைமர ஆழம் தாங்கும் கேமரா

குடும்பத்தோடு முகத்துவாரத்துக்கு நீந்தப் போகும் முன் ஒரு கேமரா வாங்கிவிட வேண்டும் என்று சடையப்பன் வாத்துக்கு ஆசை. தண்ணீருக்குள் தலையை முக்கினால் தெரியும் வண்ண மீன்களைப் படம் பிடித்து ஊர்க் கோழிகளுக்குக் காட்ட வேண்டும்.

நண்டு அண்ணாச்சி தன் கடையில் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். "இது ஒரு முழ ஆழம் தாங்கும், மலிவு. அது பனைமர ஆழம் தாங்கும். விலையைக் கேட்டா திரும்பிப் போயிருவீங்க."

"நம்ம கழுத்தே ஒரு சாண்தாங்க. சின்னதே போதும்" என்றாள் மனைவி வடிவு.

"நாளப்பின்ன ஆழத்துக்குப் போகவேண்டி வந்தா என்ன செய்வே?" என்ற சடையப்பன், கோடைக்குச் சேர்த்து வைத்திருந்த நத்தை முழுவதையும் கொட்டிப் பெரியதை வாங்கினான்.

முகத்துவாரத்தில் வடிவும் பிள்ளைகளும் வாலை வானத்துக்குத் தூக்கி, தலையை முக்கி, ஆசைதீர மீன் பார்த்தார்கள். சடையப்பன் தண்ணீரில் இறங்கவே இல்லை. அத்தனை நத்தை கொடுத்து வாங்கியதை நனைக்க அவனுக்கு மனம் வரவில்லை. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், லென்ஸ் இருந்த இடத்தில் மட்டும் கிள்ளி ஓட்டை போட்டு, கரையில் நின்றபடியே படமாக எடுத்துத் தள்ளினான்.

ஊர் திரும்பியதும் கோழிகள் சூழ்ந்துகொண்டன. எல்லாப் படங்களையும் பொறுமையாகப் பார்த்து முடித்த செவத்த கோழி கடைசியில் கேட்டது:

"படமெல்லாம் தெளிவா இருக்கு தம்பி. இதுல வடிவோட வால் எது?"